வீடு மாறுதல் செலவு

வீடு மாறுதல் செலவு என்பது ஒரு குடும்பம் ஒரு வாடகை வீட்டிலிருந்து மற்றொரு வாடகை வீட்டுக்குக் குடிபெயரும்போது ஏற்படும் அனைத்துச் செலவுகளின் தொகுப்பு ஆகும். வண்டி வாடகையும் சுமைகூலியும் இதில் உடனே கண்ணில் படும் பகுதி மட்டுமே. முன்பணத்தில் செய்யப்படும் கழிவு, தரகு, இரு வீடுகளுக்கும் ஒரே காலத்தில் செலுத்தும் வாடகை, வேலைக்குச் சென்றுவர ஆகும் கூடுதல் செலவு ஆகியவை சேர்ந்தால் பெரும்பாலும் அதைவிடப் பெரிய தொகையாகின்றன. எனவே வாடகை குறைந்த வீட்டுக்கு மாறுவது எப்போதும் சிக்கனமாக அமைவதில்லை. இராயபுரம் முதல் எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பம் வரையுள்ள வடசென்னைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்செலவுகள் கீழே விளக்கப்படுகின்றன.

செலவின் வகைகள்

வீடு மாறுதல் செலவை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

- ஒருமுறைச் செலவு: தரகு, வண்டி வாடகை, சுமைகூலி, பழைய வீட்டின் வெள்ளையடிப்புக் கழிவு, புதிய வீட்டில் செய்யும் சிறு பழுதுபார்ப்புகள்.
- முடங்கும் பணம்: வீட்டு உரிமையாளரிடம் கொடுக்கும் முன்பணம். இது திரும்பக் கிடைக்கக்கூடியது. எனினும் கடன் வாங்கிக் கொடுத்தால் அதற்கான வட்டி செலவாகும்.
- தொடர் செலவு: வாடகை, மின்கட்டணம், குடிநீர், போக்குவரத்து ஆகியவற்றில் மாதந்தோறும் ஏற்படும் வேறுபாடு.

முன்பணம்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் (அட்வான்சு) பெறும் வழக்கம் நீண்ட காலமாக இருந்து வந்துள்ளது. வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்காக ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தருவதும் பரவலான வழக்கமாகும்.

பழைய சட்டமான 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2017 இல் இயற்றியது. இது 2019 பெப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி, இரு தரப்பினரும் வேறுவிதமாக உடன்பட்டிருந்தாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்கவேண்டும் என்பதும் இச்சட்டத்தின் முக்கிய விதியாகும். உடன்பாட்டின் மூலம் கூடுதல் தொகை பெற இடமுள்ளதால், ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் அத்தொகையைக் கவனித்துக்கொள்வது அவசியம்.

பழைய வீட்டின் முன்பணம் காலி செய்த பிறகே கைக்கு வரும். புதிய வீட்டின் முன்பணத்தையோ குடிபுகும் முன்பே கொடுக்கவேண்டும். இந்த இடைவெளியை நிரப்பவே பல குடும்பங்கள் வட்டிக்குக் கடன் வாங்குகின்றன அல்லது நகையை அடகு வைக்கின்றன.

வண்டியும் கூலியும்

நகருக்குள் வீட்டுப் பொருட்களை ஏற்றிச் செல்லச் சிறு சரக்கு வண்டிகளே பெரிதும் பயன்படுகின்றன. 2005 இல் அறிமுகமான டாட்டா ஏஸ் வண்டி தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்று அழைக்கப்படுகின்றது. குறைந்த பொருட்களைக் குறைந்த தொலைவுக்குக் கொண்டுசெல்ல மீன்பாடி வண்டியும் பயன்படுவதுண்டு. சுமைகூலி மாடியின் உயரம், தெருவின் அகலம், பொருட்களின் எடை ஆகியவற்றைப் பொறுத்தது. வண்டி நுழைய முடியாத குறுகிய சந்தாக இருந்தால் தெருமுனையிலிருந்து பொருட்களைச் சுமந்து செல்லக் கூடுதல் கூலி தரவேண்டியிருக்கும்.

மாறும் காலமும் செலவைப் பாதிக்கின்றது. ஆடி, மார்கழி மாதங்களில் பலர் வீடு மாறுவதில்லை. தை, ஆவணி போன்ற மாதங்களின் நல்ல நாட்களில் பலரும் ஒரே நாளில் பால் காய்ச்சிக் குடிபுகுவதால் வண்டிக்கும் ஆட்களுக்கும் தேவை கூடுகின்றது. பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களே ஏற்றவை. கல்வியாண்டின் நடுவில் தனியார் பள்ளியை மாற்றினால், செலுத்திய கட்டணத்தை இழக்க நேரிடலாம்.

வேலையிடத் தொலைவு

வடசென்னையின் கரையோரப் பகுதிகளைச் சென்னைக் கடற்கரை, சென்ட்ரல் ஆகிய நிலையங்களிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் தொடர்வண்டித் தடம் இணைக்கின்றது. நெட்டுக்குப்பத்துக்கு அருகில் கத்திவாக்கம், எண்ணூர் நிலையங்கள் உள்ளன. மெட்ரோ தொடர்வண்டி 2021 பெப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டது. அங்கிருந்து நெட்டுக்குப்பம் செல்லப் பேருந்தோ தானியோ தேவை. எனவே பயணச்சீட்டின் விலையுடன் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையேயான செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும். நாள்தோறும் பயணம் செய்வோருக்குத் தொடர்வண்டியின் மாதப் பருவச்சீட்டு சிக்கனமானது.

தொலைவின் விலையைச் சென்னையின் மறுகுடியமர்வுகள் தெளிவாகக் காட்டின. 2000 ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் நகரின் குடிசைப்பகுதி மக்கள் குடியமர்த்தப்பட்டனர். பலருக்குப் பழைய வேலையிடம் வெகு தொலைவாகிவிட்டது. வீட்டு வேலை செய்த பெண்கள் பலர் பேருந்துச் செலவும் நேரமும் கட்டுப்படியாகாமல் வேலையை விட்டனர். மீனவக் குடும்பங்களுக்குக் கரையை விட்டு விலகுவது தொழிலையே இழப்பதாகும்.

குறைந்த வாடகையின் காரணம்

வாடகை குறைவாக இருப்பதன் காரணத்தை அறிவதும் கணக்கின் ஒரு பகுதியே. நெட்டுக்குப்பம் கடலுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் அருகில் உள்ளது. உப்புக் காற்றில் இரும்புக் கதவு, மிதிவண்டி, மின்கருவிகள் ஆகியவை விரைவில் துருப்பிடிக்கின்றன. நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள வீடுகளில் குடிநீரை விலைகொடுத்து வாங்க நேரிடும். 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், வெள்ளத்துடன் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. நெட்டுக்குப்பம் உள்ளிட்ட மீனவ ஊர்களில் படகுகளும் வலைகளும் எண்ணெய் படிந்து சேதமடைந்தன. தரைத்தள வீடு பார்ப்போர் கடந்த மழைக்காலங்களில் நீர் எதுவரை ஏறியது என்பதை அண்டை வீட்டாரிடம் கேட்டறிவது நல்லது.

எடுத்துக்காட்டுக் கணக்கு

கீழுள்ள தொகைகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காகக் கொள்ளப்பட்டவை. சந்தை நிலவரம் அல்ல. ஒரு குடும்பம் இராயபுரத்தில் 9,000 ரூபாய் வாடகை வீட்டிலிருந்து நெட்டுக்குப்பத்தில் 6,500 ரூபாய் வாடகை வீட்டுக்கு மாறுகின்றது எனக் கொள்வோம்.

- வெள்ளையடிப்புக் கழிவு: 9,000
- தரகு (ஒரு மாத வாடகை): 6,500
- வண்டியும் சுமைகூலியும்: 5,000
- இரு வீடுகளுக்கும் சேர்ந்து வரும் அரை மாத வாடகை: 3,250
- சிறு பழுதுபார்ப்புகள்: 2,500
- முன்பணத்துக்காக வாங்கிய 39,000 ரூபாய்க் கடனுக்கு, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வீதம் ஒரு மாத வட்டி: 780
- மொத்தம்: 27,030 ரூபாய்

வாடகையில் மாதம் 2,500 ரூபாய் மிச்சமாகின்றது. போக்குவரத்துக்கு மாதம் 1,000 ரூபாய் கூடினால் உண்மையான மிச்சம் 1,500 ரூபாய். 27,030 ஐ 1,500 ஆல் வகுத்தால் சுமார் 18 மாதங்கள் கிடைக்கின்றது. அதாவது 18 மாதங்கள் அவ்வீட்டில் குடியிருந்த பின்னரே செலவு ஈடாகும். வழக்கமான 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேற நேர்ந்தால் இக்குடும்பத்துக்கு இழப்பே மிஞ்சும்.

தரகரின்றி வீடு பார்த்து, இரட்டை வாடகையைத் தவிர்த்து, வெள்ளையடிப்புக் கழிவைப் பாதியாகக் குறைத்தால் மொத்தச் செலவு 12,780 ரூபாயாகின்றது. அப்போது எட்டரை மாதங்களில் செலவு ஈடாகிவிடும். இரு கணக்குகளிலும் வண்டிச் செலவு ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது.

செலவைக் குறைக்கும் வழிகள்

- காலி செய்யும் நாளையும் குடிபுகும் நாளையும் அடுத்தடுத்து அமைத்தல்.
- குடிபுகும் நாளிலேயே சுவர், குழாய், மின்கம்பி ஆகியவற்றின் நிலையை ஒளிப்படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவைத்தல். காலி செய்யும்போது எழும் கழிவுத் தகராறுகளுக்கு இது சான்றாகும்.
- வெள்ளையடிப்புக் கழிவு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுதல்.
- முன்பணத்தை வங்கி வழியாகச் செலுத்துதல் அல்லது பற்றுச்சீட்டுப் பெறுதல்.
- இரு வீடுகளிலும் மின்அளவியின் அளவைக் குறித்துக்கொள்ளுதல். மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால், இதைச் செய்யாதவர் பிறர் பயன்படுத்திய மின்சாரத்துக்கும் பணம் கட்ட நேரிடலாம்.
- பயன்படாத பொருட்களை மாறும் முன்பே விற்றல் அல்லது பழைய பொருட்கள் வாங்குவோரிடம் கொடுத்தல்.
- சமையல் எரிவாயு இணைப்பைப் புதிய பகுதியின் முகவருக்கு இடமாற்றம் செய்தல். குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் முகவரியைத் தாமதமின்றி மாற்றுதல்.