குறைக்காமலே குறையும் உதவித்தொகை

மும்பை லோகல் ரயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். சக்கர நாற்காலிப் படம் போட்ட சின்னப் பெட்டி. மாற்றுத்திறனாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் என்று ஒதுக்கி வைத்தது. காலை ஒன்பது மணிக்கு உள்ளே எட்டிப் பார்த்தால், இரண்டு காலும் நன்றாக உள்ள வாலிபர்கள்தான் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள்.

குர்லா ஸ்டேஷனில் அந்தப் பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கு நேராக, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வயதில் மும்பைக்கு வந்து, தாராவியில் தோல் பை தைக்கும் தொழிலில் முப்பது வருஷத்துக்கு மேல் கழித்தவர். சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை போட்ட பூட்ஸும் ஒரு கட்டையும் துணை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் காகிதங்கள்.

"சயானுக்கு ஒரே ஒரு ஸ்டேஷன்தான் தம்பி. ரெண்டு வண்டியை விட்டுட்டேன். ஏற முடியல" என்றார்.

"எங்கே அண்ணாச்சி போய் வருகிறீர்கள்?"

"நான் உயிரோட இருக்கேன்னு காட்டிட்டு வாரேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. மகாராஷ்டிர சர்க்காரின் சஞ்சய் காந்தி நிராதார் உதவித் திட்டத்தில் பணம் பெறுகிறவர், வருஷத்துக்கு ஒருமுறை உயிருடன் இருப்பதாகச் சான்று தர வேண்டும். தராவிட்டால் பணம் நிற்கும். அண்ணாச்சிக்கு அதற்கு முன்பே இரண்டு மாதம் நின்றுபோயிற்று. வங்கிக் கணக்குக்கும் ஆதாருக்கும் இணைப்பு சரியில்லை என்றார்கள். ஆதாரைப் புதுப்பிக்கப் போனால், கைரேகை விழவில்லை. தோலும் பசையும் ஊசியுமாக முப்பது வருஷம் உழைத்த விரலில் ரேகை எங்கே இருக்கும்?

"குறைச்சிட்டோம்னு யாரும் சொல்லல தம்பி. அப்படிச் சொன்னா சண்டையாவது போடலாம். எல்லாரும் மரியாதையாத்தான் பேசுதாங்க. இந்தக் காகிதம் கொண்டா, அந்தக் காகிதம் கொண்டாங்காங்க. ஆனா வந்த பணம் வரல."

அண்ணாச்சி சொன்ன இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு, நாட்டு நிலவரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

300 ரூபாய்க் கணக்கு

மத்திய சர்க்காருக்கு ஒரு திட்டம் உண்டு. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் என்று பெயர். 2009-ல் மாதம் 200 ரூபாய் என்று தொடங்கியது. 2012-ல் 300 ரூபாய் ஆக்கினார்கள். 80 வயதைத் தொட்டவர்களுக்கு மட்டும் 500. அத்தோடு சரி. அந்த 300-ஐ அதன் பிறகு ஒருவரும் தொடவில்லை. நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு, இதை உயர்த்துங்கள் என்று ஒரு முறையல்ல, பல முறை எழுதிவிட்டது.

கூட்டவில்லை, குறைக்கவும் இல்லையே என்று சிலர் கேட்கலாம். ஆபீசில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மத்திய சர்க்கார் ஊழியரின் அகவிலைப்படி 2016-ல் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, 2025 ஜூலையில் 58 சதவீதத்துக்கு வந்தது. விலைவாசி ஏறுகிறது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு கொடுத்த படி அது. அதே விலைவாசியில்தான் கால் இல்லாதவரும் அரிசி வாங்குகிறார். அவருக்கு அகவிலைப்படி கிடையாது.

இன்னொரு கணக்கும் உண்டு. சர்க்காரின் சில்லறை விலைக் குறியீட்டில் 2012-ம் ஆண்டை 100 என்று வைத்திருந்தார்கள். 2025-ல் அந்த எண் 190-ஐத் தாண்டிவிட்டது. அதாவது, 2012-ல் கொடுத்த 300 ரூபாய், சாமான் வாங்கும் கணக்கில் சுமார் 155 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. கிட்டத்தட்ட பாதி வெட்டு. உத்தரவு இல்லை, அறிவிப்பு இல்லை, கையெழுத்தும் இல்லை!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் 24-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. மற்றவர்களுக்கு உள்ள உதவித் திட்டத்தைவிட, அதே மாதிரித் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். மத்திய சர்க்காரின் விதவை ஓய்வூதியம் 300 ரூபாய். மாற்றுத்திறனாளிக்கும் 300 ரூபாய். சட்டத்தை எழுத்துப்படி பார்த்தால் இது 375 ஆகவாவது இருக்க வேண்டாமா? 75 ரூபாய்க்காக வழக்காடுவது கேவலமாகத் தோன்றலாம். ஆனால் விதவையின் 300-ம் போதாது என்பதை மறக்கக்கூடாது. ஏழைகள் இருவரை ஒரே தட்டில் வைத்துப் பங்கு போடச் சொல்வது நியாயமில்லை.

கால் போனாலும் போதாது

இந்த 300 ரூபாயாவது எல்லோருக்கும் உண்டா என்றால், இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 80 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பும் இருக்க வேண்டும். 80 சதவீதம் என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. டாக்டர்கள் பின்பற்றும் அளவுகோலின்படி, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனவருக்கு 60 அல்லது 70 சதவீதம்தான் வரும். கட்டட வேலையில் கம்பி விழுந்து கால் போனவர் அந்த 300-க்கு லாயக்கில்லை! ஒரு கண் அடியோடு போனால் 30 சதவீதம். 40-க்குக் கீழே என்பதால் அவர் சலுகைக் கணக்கிலேயே வரமாட்டார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். 2024-25 பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது 290 கோடி ரூபாய். ஆளுக்கு வருஷத்துக்கு 3,600 என்று வகுத்துப் பாருங்கள். எட்டு லட்சம் பேருக்குத்தான் வருகிறது.

பெயர் மட்டும் உயர்ந்துகொண்டே போகிறது. ஊனமுற்றோர் என்ற சொல் மனதைப் புண்படுத்துகிறது என்று தமிழ்நாட்டில் 2010-ல் மாற்றுத்திறனாளி ஆக்கினார்கள். நல்ல காரியம். டில்லியில் 2015 முடிவில் 'திவ்யாங்' என்றார்கள். தெய்வாம்சம் பொருந்திய அங்கம் என்று பொருள். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, "சாமிக்குப் படையலாவது வைப்பாங்க" என்றார்.

ஆந்திராவில் நடந்தது

மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக் கொடுப்பதால்தான் இவர்கள் வண்டி ஓடுகிறது. அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு விலை. தெலங்கானாவில் 2023-ல் 4,016 ரூபாய் ஆயிற்று. ஆந்திராவில் 2024-ல் 3,000 ரூபாயை ஒரே அடியாக 6,000 ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் 2023 நிலவரப்படி 1,500. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு 2,000.

ஆந்திராவில் கூட்டிய கையோடு மறுபரிசோதனையும் வந்தது. போலிச் சான்று கொடுத்துப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நீக்க வேண்டும் என்றார்கள். போலிகள் இருப்பது உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. 2025-ல் டாக்டர் குழுக்கள் மறுபடி அளந்து பார்த்து, லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தகுதி இல்லை என்று முடிவு செய்தன. ஆகஸ்டில் நோட்டீஸ் போயிற்று. பல ஆண்டுகளாகப் பென்ஷன் வாங்கியவர்கள் கையில் அந்தக் காகிதத்தோடு தெருவுக்கு வந்தார்கள். தவழ்ந்து வந்தவர்களும் உண்டு, பெற்றோர் தூக்கி வந்தவர்களும் உண்டு. கடைசியில், மேல்முறையீடு செய்தவர்களுக்குப் பணம் தொடரும் என்று சர்க்கார் இறங்கி வந்தது.

திருடனைப் பிடிக்கக் கதவைத் தட்டுவதில் தப்பில்லை. ஆனால் முதலில் பணத்தை நிறுத்திவிட்டு, பிறகு நிரூபி என்பது எந்த ஊர் வழக்கம்? அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டதும் ஒரு சர்க்கார் டாக்டர்தானே.

2025-ல் பிரிட்டனிலும் இதே மாதிரி ஒரு சண்டை நடந்தது. அங்கே மார்ச் மாதத்தில் சர்க்கார் பகிரங்கமாகவே அறிவித்தது: உடல்நலமில்லாதவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரும் உதவியில் வருஷத்துக்கு 500 கோடி பவுன் அளவுக்கு மிச்சம் பிடிக்கப் போகிறோம் என்று. ஆளுங்கட்சி எம்.பி.க்களே 120 பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஜூலை 1-ம் தேதி ஓட்டெடுப்பு நடக்க இருந்த வேளையில், முக்கியமான வெட்டை வாபஸ் வாங்கினார்கள். புதிதாக வருவோருக்கான இன்னொரு படியில் மட்டும் கை வைத்தார்கள். வெட்டு என்று ஒன்றைச் சொன்னதால், தடுக்கவும் ஒரு நாள், ஒரு இடம், ஒரு ஓட்டு கிடைத்தது. நம் 300 ரூபாய்க்கு அப்படி எதிர்த்து ஓட்டுப் போட ஒரு நாள் கிடையாது.

மகாராஷ்டிரத்தில் அப்படியொரு நாளைச் சிலர் தாங்களாகவே உண்டாக்கினார்கள். 2024 ஜூலையில் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் என்று 'லாட்கி பஹின்' திட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிக்கும் அப்போது அதே 1,500-தான். 25 சதவீதம் கூடுதல் என்ற சட்டம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. 2025 ஜூனில் முன்னாள் அமைச்சர் பச்சு கடு அமராவதி ஜில்லாவில் உண்ணாவிரதம் இருந்தார். விவசாயக் கடன் தள்ளுபடியோடு, மாற்றுத்திறனாளிக்கு மாதம் 6,000 என்பதும் அவர் கோரிக்கை. செப்டம்பரில் மந்திரிசபை 1,000 ரூபாய் கூட்டியது. அக்டோபர் முதல் 2,500. கேட்டதில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் கேட்காமல் அது வந்திருக்காது.

அரிசி பயணம் போகிறது

பிழைக்க வந்த நமக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மகாராஷ்டிரத் திட்டத்தில் சேர, இந்த மாநிலத்தில் 15 வருஷம் வசித்திருக்க வேண்டும். வந்த மூன்றாம் வருஷத்தில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தால், இன்னும் 12 வருஷம் காத்திருக்க வேண்டும். ஊரில் பென்ஷன் இருந்ததென்றால், விசாரணைக்கு வருகிறவர் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, 'ஊரில் இல்லை' என்று எழுதினால் அதுவும் போச்சு. அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான்.

இது தீர்க்க முடியாத பிரச்னை என்று சொல்வதற்கில்லை. ரேஷன் அரிசிக்குத் தீர்த்துவிட்டார்களே! ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022-க்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. மாற்றுத்திறனாளியின் அடையாள அட்டையும் நாடு முழுவதும் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. அட்டை ரயிலேறி வருகிறது. பணம்தான் எல்லையில் நின்றுவிடுகிறது.

அந்த அட்டை விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி, சான்று கொடுக்க டாக்டர்களுக்கு இருந்த ஒரு மாதக் கெடு மூன்று மாதம் ஆயிற்று. விண்ணப்பத்தின் மேல் இரண்டு வருஷம் முடிவு எடுக்காவிட்டால், அந்த விண்ணப்பம் தானாகவே செத்துப்போகும். திரும்ப முதலிலிருந்து போட வேண்டும். தாமதம் செய்தது அவர்கள், தண்டனை நமக்கு. ஆகவே விண்ணப்ப எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காகிதம் கொடுத்தாலும் நகல் ஒன்றில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். வாடகை ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, பழைய ரேஷன் கார்டு எதையும் எறியாதீர்கள். 15 வருஷத்தை நிரூபிக்க அவைதான் உதவும்.

அண்ணாச்சியின் பிளாஸ்டிக் பையில் இருந்தவையும் அவைதான். 1990-களின் வாடகைச் சீட்டு ஒன்று, மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்புறம் டேப் ஒட்டி இருந்தது. வீட்டுக்காரர் மராத்தியில் எழுதிக் கொடுத்தது. "இது இல்லேன்னா நான் இந்த ஊர்லயே இல்லன்னுருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி மடித்து உள்ளே வைத்தார்.

"நின்ற இரண்டு மாதப் பணம் சேர்ந்து வருமா அண்ணாச்சி?"

"பாப்போம்னாங்க. அடுத்த வாரம் வரச் சொன்னாங்க. வரணும்னா அன்னைக்கு வேலை கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை பை தைப்பேன், அது போச்சு. அதையும் பென்ஷன்ல கழிச்சுத்தான் பாக்கணும்."

வண்டி வந்தது. சக்கர நாற்காலிப் படம் எங்களுக்கு நேராக வந்து நின்றது. வாசலில் நான்கைந்து வாலிபர்கள், காதில் ஹெட்போனோடு. அண்ணாச்சி கட்டையை முதலில் உள்ளே நீட்டினார். அதைப் பார்த்து ஒருவன் ஒதுங்கினான். மற்றவர்கள் அசையவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்தார். காகிதப் பை பல்லில் இருந்தது.