படகுக் கூரையில் காற்றுக்கு வழி

ஜலம் உள்ளே புகாதபடி ஒரு கலத்தைச் செய்து முடிக்கிறவன், தான் கருதாமலே, காற்றும் எளிதில் புகாதபடி அதைச் செய்துவிடுகிறான். கரையிலுள்ள வீட்டில் கதவிடுக்கும் ஜன்னலிடுக்கும் ஓட்டிடுக்கும் நூறு வழிகளில் காற்றை உள்ளே விட்டுக்கொண்டே இருப்பதால், அங்கே வசிப்பவருக்குத் தாம் சுவாசிக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்ற யோசனை பெரும்பாலும் எழுவதேயில்லை. நாற்புறமும் எஃகுத் தகட்டைப் பற்றவைத்து இசைத்த படகில் வசிப்பவரோ, காற்று வரும் வழி எது, போகும் வழி எது என்பதை எண்ணிப் பார்த்து, அளந்து, அவ்வழிகளைத் தம் கையாலேயே திறந்து வைத்தாக வேண்டும்.

இந்த விஷயத்தை விளக்குவதற்கு, இங்கிலாந்தின் கால்வாய்களில் உலவும் ‘நேரோபோட்’ என்னும் ஒடுங்கிய படகைவிடத் தகுந்த உதாரணம் கிடைப்பது அரிது. ஜேம்ஸ் பிரிண்ட்லி முதலான பொறியாளர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டின் நடுப்பகுதியில் வெட்டிய கால்வாய்களில், படகுகளை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள் சுமார் 7 அடி அகலமே உடையவையாக அமைந்துவிட்டபடியால், அவற்றின் வழியே செல்லும் படகும் 6 அடி 10 அங்குல அகலத்துக்குள் அடங்கி, நீளத்தில் மட்டும் 70 அடிவரை வளரலாயிற்று. ஒருகாலத்தில் நிலக்கரி சுமந்த அப்படகின் வமிசத்தில் வந்த இக்காலப் படகுகளில் ஆண்டு முழுவதும் வசிக்கிறவர்கள் பலர். அடித்தட்டு 10 மி.மீ., பக்கங்கள் 6 மி.மீ., அறையின் கூரை 4 மி.மீ. என்னும் கனத்தில் எஃகினால் ஆன அந்த நீண்ட அறையிலேயே, கரி எரியும் கணப்படுப்பும், எரிவாயுச் சமையலடுப்பும், குளியலறையும், படுக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கின்றன.

கலத்தின் உள்ளே அடைபட்ட காற்றைப் பற்றிய கவலை மிகப் பழையது. டெடிங்டன் என்னும் ஊரில் பாதிரியாராக இருந்துகொண்டே சரீர சாஸ்திரத்திலும் தாவர சாஸ்திரத்திலும் அரிய சோதனைகள் புரிந்த ஸ்டீபன் ஹேல்ஸ், கப்பலின் கீழ்த்தளத்தில் தேங்கிக் கெட்ட காற்றை வெளியேற்றுவதற்கு, கையால் இயக்கும் பெரிய துருத்திகளை அமைத்து, 1741-இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் அவற்றை விவரித்தார். நியூகேட் சிறைச்சாலையில்கூட அவருடைய சாதனம் பின்னர் பொருத்தப்பட்டது. அதே காலத்தவரான சாமுவேல் சட்டன், கப்பலின் சமையல் அடுப்புக்கு வேண்டிய காற்றைக் கீழ்த்தளத்திலிருந்து குழாய்கள் வழியே இழுத்துக்கொள்ளும்படி செய்து, அடுப்பையே காற்றிழுக்கும் யந்திரமாக்கினார். கால்வாய்ப் படகுகளின் சிற்றறைகளில் குடும்பம் குடும்பமாக நெருங்கிக் கிடந்த மக்களின் துயரத்தை ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஓயாது எடுத்துரைத்ததன் பயனாக 1877-இல் பிறந்த கால்வாய்ப் படகுச் சட்டம், அறையில் எத்தனை பேர் வசிக்கலாம் என்பதற்கு வரம்பு விதிக்கவும் காற்றோட்டத்தைக் கண்காணிக்கவும் வழிசெய்தது.

காற்றோட்டம் எதற்காக என்று கேட்டால், சுவாசத்துக்கு என்பதே யாவருக்கும் தோன்றும் விடை. ஆயினும் படகில் நாள்தோறும் கண்ணெதிரே தொல்லை தருவது ஈரமே. உறங்கும் ஒருவரின் மூச்சும் தோலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை ஆவியாக வெளிவிடுகின்றன என்று கொண்டால், இருவர் எட்டு மணி நேரம் உறங்கும்போது 640 கிராம் நீர் அறைக் காற்றில் கலந்துவிடுகிறது. சமையலுக்கு ஒரு கிலோ புரொபேன் வாயுவை எரித்தால், அதிலிருந்து ஒரு கிலோ அறுநூறு கிராமுக்கு மேற்பட்ட நீர் ஆவியாகப் பிறக்கும். 20 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு கனமீட்டர் காற்று 17 கிராமுக்குச் சற்று அதிகமான நீராவியைத்தான் தாங்கவல்லது. 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராமைக்கூடத் தாங்காது. எனவே அறையின் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியையும் எஃகுச் சட்டத்தையும் தொட்டவுடன், மிகுதியான ஈரத்தை அங்கேயே துளித்துளியாக விட்டுவிடுகிறது; மெத்தையின் அடிப்புறம் பூசணம் பூப்பதும், மரப்பலகை கறுப்பதும் இதனாலேதான்.

மழையும் பனியுமாக இருக்கும் மாரிக்காலத்தில் வெளிக்காற்றை உள்ளே விட்டால் ஈரம் மேலும் பெருகாதோ என்று பலர் அஞ்சுகிறார்கள். கணக்கு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 5 டிகிரியில் ஈரம் முழுவதும் நிறைந்த வெளிக்காற்றும்கூட ஒரு கனமீட்டருக்கு 7 கிராமுக்குக் குறைவான ஆவியையே சுமந்து வருகிறது. அது உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால், தாங்கக்கூடிய அளவில் ஐந்தில் இரண்டு பங்கே நிறைந்த உலர்காற்றாகி, அறையின் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறத் தயாராகிறது. குளிர்காலத்தில் துளைகளைத் துணியால் அடைப்பவர், உஷ்ணத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு ஈரத்தையே சிறை வைக்கிறார்.

ஈரம் பொருளைக் கெடுப்பது. கார்பன் மோனாக்சைடு உயிரையே கொள்வது. கரியோ எரிவாயுவோ போதிய பிராணவாயு இன்றி எரியும்போது பிறக்கும் அந்த விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆதலால் பிரிட்டனில் 1997-இல் தோன்றிய படகுப் பாதுகாப்புத் திட்டம், நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டிய காற்று வழிக்கு ஒரு கணக்கை வகுத்துத் தந்திருக்கிறது. புகைபோக்கி இல்லாத அடுப்புகளின் திறனை கிலோவாட்டில் கண்டு 2,200-ஆல் பெருக்க வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையை 650-ஆல் பெருக்க வேண்டும். அறைக் காற்றைக் கொண்டே எரிந்து புகைபோக்கி வழியே புகைவிடும் அடுப்புகளின் திறனை 440-ஆல் பெருக்க வேண்டும். மூன்றையும் கூட்டி வருவது சதுர மில்லிமீட்டரில் வேண்டிய பரப்பு. சமையலடுப்பு 7 கிலோவாட், ஆட்கள் நால்வர், கணப்படுப்பு 5 கிலோவாட் என்றால், 15,400-உம் 2,600-உம் 2,200-உம் சேர்ந்து 20,200 ஆகும். இதில் பாதி கூரையை ஒட்டிய உயரத்திலும், மறுபாதி தரையை ஒட்டிய தாழ்விலும் அமைய வேண்டும்.

பாதி மேலே, பாதி கீழே என்னும் அந்த விதியில்தான் காற்றோட்டத்தின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எண்ணெய் நிறைந்த தகர டின்னில் ஒரே துளையிட்டுச் சாய்த்தால் எண்ணெய் விக்கி விக்கி விழுவதையும், மறுமுனையில் இன்னொரு துளையிட்டவுடன் தாரையாகச் சீராக ஒழுகுவதையும் காணாதவர் இல்லை. காற்றும் அப்படியே, வர ஒரு வழியும் போக ஒரு வழியும் உள்ள இடத்தில்தான் ஓடும். நேரோபோட்டில் போகும் வழி கூரையிலுள்ள வென்டிலேட்டர்கள். வரும் வழி முன்கதவிலும் பின்கதவிலும் தாழ்வாக அமைந்த சாய்சட்டத் துளைகள். கூரையில் ஐந்தாறு துளைகளை அழகாக வரிசைப்படுத்திவிட்டு, கீழே ஒன்றும் விடாதவர், செலவில் பாதியை வீணாக்கியவரே ஆவார்.

இனி, கூரை வென்டிலேட்டர்களுள் மிகுதியாகக் காணப்படும் காளான் வடிவ வென்டிலேட்டரைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பித்தளையால் வார்த்த ஒரு குறுங்குழாய், அதன் மேல் மழையைத் தடுக்கும் குவிந்த மூடி, இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் ஓர் இடைவெளி. 100 மி.மீ. விட்டமுள்ள குழாயின் பரப்பு ஏறத்தாழ 7,850 சதுர மி.மீ. என்பதால், அத்தனையும் பயன்படும் என்று வாங்குகிறவர் நினைத்துவிடுகிறார். காற்றோ குழாயோடு நில்லாமல் மூடியின் அடியிலுள்ள இடைவெளியையும் கடந்தாக வேண்டும். குழாயின் சுற்றளவு 314 மி.மீ.; இடைவெளியின் உயரம் 12 மி.மீ. என்றால், அங்கே உள்ள வழி 3,770 சதுர மி.மீ. மட்டுமே, அதாவது துளையில் பாதிகூட இல்லை. இடைவெளி விட்டத்தில் கால் பங்காகிய 25 மி.மீ. இருந்தால்தான் துளை முழுவதும் பயன்படும். மேலே கண்ட உதாரணத்தில் உயரத்துக்கு வேண்டிய 10,100 சதுர மி.மீ. பரப்புக்கு, நல்ல இடைவெளியுள்ள காளான்கள் இரண்டு போதும். தாழ்ந்த மூடியுள்ளவை மூன்று வேண்டும். பூச்சிவலை பொருத்தினால் கம்பிகள் அடைக்கும் பரப்பையும் கழிக்க வேண்டும். வலையில் தூசி படிவதால் அதை அவ்வப்போது துலக்கவும் வேண்டும். உள்ளிருந்து திருகி மூடும் வசதி உடையவற்றை நிரந்தர வழியாகக் கணக்கில் சேர்ப்பது தவறு.

பொருத்தும் இடத்தையும் யோசித்தே தீர்மானிக்க வேண்டும். மதகுத் தொட்டியில் படகைப் பிடித்து நிறுத்தும் கயிறு கூரையின் நடுவிலிருந்து கிளம்புகிறது. அவசரத்தில் அது காளான் மூடியில் சிக்கிக்கொண்டால் ஆபத்து நேரும். கூரைமேல் நடப்பவரின் காலில் இடறாத இடமாகவும் இருத்தல் நன்று. துளை வெட்டியபின் எஃகின் விளிம்பை அரத்தால் தேய்த்துத் துருத்தடுப்பு வர்ணம் பூசாமல் விட்டால், சில ஆண்டுகளிலேயே பித்தளையைச் சுற்றித் துரு படரும். குளிர்ந்த பித்தளையின் உட்புறத்திலேயே அறையின் ஈரம் படிந்து சொட்டுவதுண்டு. அதை மழை ஒழுக்கு என்று எண்ணி மேலே மேலே பசை பூசுகிறவர்கள் அநேகர். குழாயின் உட்புறத்துக்கு மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ உறையிட்டால் அச்சொட்டு அடங்கும். படுக்கைக்கு மேல் குளிர்காற்று விழுகிறதென்றால், துளையை அடைக்காமல், கீழே சற்று இடம்விட்டு ஒரு தகட்டைத் தொங்கவிட்டால் காற்று பக்கவாட்டில் பரவிவிடும்.

சாதாரணமாகக் காற்றடிக்கும் நாளில், மூடியின் மேலே விரைந்து செல்லும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து, உள்காற்றை இழுக்கிறது. காற்றடிக்காத நாளிலும், குளிக்கும்போதும் சமைக்கும்போதும் இயற்கையின் இவ்விழுப்பு போதாது. அங்கேதான் விசிறியின் உபயோகம் தொடங்குகிறது. அச்சைச் சுற்றி இதழ்கள் சுழலும் விசிறி, தடையில்லாத குறுகிய வழியில் மிகுதியான காற்றைத் தள்ளும். நீண்ட குழாயிலும் வளைவுகளிலும் செலுத்த வேண்டுமானால், காற்றை விளிம்புக்கு வீசித் தள்ளும் உருளை விசிறியே ஏற்றது. 12 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் வாங்கும் சிறு விசிறி நாள் முழுவதும் ஓடினாலும் 5 ஆம்பியர்-மணிக்குள் அடங்கும். 2 ஆம்பியர் வாங்குவதோ 48 ஆம்பியர்-மணியை விழுங்கி, 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழப் பாதியைத் தீர்த்துவிடும். சிறிய விசிறி வேகமாகச் சுழல்வதைவிடப் பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வது சத்தத்திலும் மின்செலவிலும் சிக்கனம். சூரிய ஒளித் தகடும் சிறு பேட்டரியும் தன்னுள்ளேயே கொண்ட வென்டிலேட்டர், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் படகுக்கு மிகவும் பிரயோஜனமானது. மின்சாரமே வேண்டாதவர்களுக்கு, சுழல்தூண் கப்பலால் புகழ்பெற்ற ஜெர்மானியப் பொறியாளர் ஆன்டன் ஃப்ளெட்னரின் பெயரால் வழங்கும் ஒரு சாதனம் உண்டு. வெளிக்காற்று சுழற்றும் மேல்தலை, கீழே இணைந்த விசிறியையும் சுழற்றி அறைக்காற்றை வெளியே இழுக்கும்.

ஆனால் விசிறியினால் விளையும் ஓர் அபாயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். போதிய வரவு வழி இல்லாத அறையில் வலிய விசிறியொன்று காற்றை வெளியேற்றினால், அந்தக் குறையை நிரப்பக் காற்று எந்த வழியாகவேனும் உள்ளே வரும். கணப்படுப்பு எரிந்துகொண்டிருந்தால் அதன் புகைபோக்கியே அவ்வழியாகி, மேலே போக வேண்டிய விஷவாயு கீழே திரும்பிவிடும். விசிறி பொருத்தியவுடன், கதவு ஜன்னல்களைச் சாத்தி, விசிறியை ஓடவிட்டு, எரியும் அடுப்பின் வாயைச் சற்றே திறந்து, அருகில் ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள்: புகை அடுப்புக்குள் இழுக்கப்பட வேண்டும், அறைக்குள் தள்ளப்பட்டால் அந்த விசிறியை அடுப்பெரியும் வேளையில் ஓட்டவே கூடாது. கசிந்த சமையல் எரிவாயு காற்றினும் கனமானதாகையால் தரைக்கடியில் தேங்கும். கூரை விசிறி அதை அகற்றும் என்று நம்பலாகாது. கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலிக்கும் கருவியைப் பிரிட்டனின் படகுகளுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் மேற்சொன்ன படகுப் பாதுகாப்புத் திட்டம் கட்டாயமாக்கியிருப்பது மிகவும் போற்றத்தக்கது.

கால்வாயை விட்டுக் கடலுக்குச் சென்றால் வேறொரு சங்கடம்: காற்றோடு அலைநீரும் உள்ளே பாயும். ஓலின் ஸ்டீபன்ஸ் வரைந்து 1930-இல் நீரில் இறங்கிய ‘டோரேட்’ என்னும் அமெரிக்கப் பாய்மரப் படகில், அவருடைய சகோதரர் ராட் ஸ்டீபன்ஸ் இதற்குக் கண்ட உபாயம் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. காற்றை வாங்கும் வளைந்த வாயை மரப்பெட்டியின் ஒரு முனையில் வைத்து, அறைக்குள் செல்லும் குழாயை மறுமுனையில் பெட்டியின் தரைக்கு மேலே உயர்ந்து நிற்கும்படி அமைத்தார். நீர் பெட்டியின் தரையில் விழுந்து அடித்துளைகள் வழியே தளத்துக்கு ஓடிவிட, காற்று மட்டும் குழாயில் ஏறி உள்ளே இறங்குகிறது. 1931-இல் அட்லாண்டிக் பந்தயத்தில் வென்ற அப்படகின் புகழை, அச்சிறு பெட்டி இன்றும் அதன் பெயராலேயே சுமந்து வருகிறது.

ஆகவே, வென்டிலேட்டரும் விசிறியும் தேர்ந்தெடுக்கப் புகுகிறவர், முதலில் அடுப்புகளையும் ஆட்களையும் எண்ணி வேண்டிய பரப்பைக் கணக்கிட வேண்டும். அடுத்து அதைக் கீழும் மேலுமாகப் பகிர்ந்து, மூடவே முடியாத வழிகளால் நிரப்ப வேண்டும். பின்னர், குளியலறையும் சமையலறையும் எஞ்சிய ஈரத்தால் துன்புற்றால், அவ்விரண்டு இடங்களுக்கு மட்டும் அளவான விசிறியைச் சேர்த்து, அது ஓடாதபோது அடைபடும் துளையைக் கணக்கில் கொள்ளாமல் விட வேண்டும். இவ்வரிசையை மாற்றி, விசிறியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு துளைக்கு இடம் தேடுகிறவருக்கு மின்சாரம் செலவாகுமேயன்றி அறை உலராது. அடுப்பெரியும் இரவில் உயிருக்கும் உறுதியில்லை.