வீட்டு மேசையில் ஒரு டகோட்டா

1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாக வானேறிய டக்ளஸ் டிசி-3 என்னும் புரொப்பெல்லர் விமானம், டகோட்டா என்ற நாமத்தோடு நம் முன்னோர் காலத்து ஆகாய மார்க்கங்களை ஆண்டது. ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் சேவையை நடத்தியதும் சீதாதேவி என்று பெயரிடப்பட்ட ஒரு டகோட்டாவில்தான். புதுப்பிக்கப்பெற்று 2018இல் இந்திய விமானப்படையை வந்தடைந்த 'பரசுராமா'வைப் போல, இன்றும் பறக்கும் நிலையில் உள்ளவை சொற்பமே. ஆயினும் ஒரு கணினியும், பறத்தலைப் போலிசெய்து காட்டும் சிமுலேட்டர் மென்பொருளும், ஜாய்ஸ்டிக்கும் வாய்த்தால், சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்து வீடொன்றில் அமர்ந்தபடியே அந்த விமானத்தைச் செலுத்தும் வித்தையை ஒருவர் அப்பியசிக்கலாம்.

பூமியிலிருந்தே பறக்கக் கற்பது நூதனமான யோசனையன்று. 1929இல் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், தம் தந்தையாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளைக் கொண்டே அசையும் பயிற்சி யந்திரம் ஒன்றை நிர்மாணித்தார்; இரண்டாம் உலக யுத்தத்தில் எண்ணற்ற விமானிகள் அதில் பயின்றார்கள்.

ஜெட் விமானத்தைக் காட்டிலும் டகோட்டா அதிக சிரத்தையைக் கேட்கும். அதன் இரு எஞ்சின்கள் ஒவ்வொன்றிலும் பதினான்கு சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக, வட்டமாக அமைந்திருக்கின்றன. நிறுத்தி வைத்திருக்கையில் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் கசிந்து தேங்குமாதலால், முதலில் புரொப்பெல்லரைச் சில சுற்றுகள் வெறுமனே சுழலவிட்டு, அதன் பிறகே தீப்பொறிக்கான சுவிட்சைப் போடுவது சம்பிரதாயம். உடனே சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொள்ள, உடல் முழுதும் அதிர்ந்து, புகையைக் கக்கி, பிறகுதான் எஞ்சின் நிதானத்துக்கு வரும்.

எரிபொருட்கலவைக்கு ஒன்று, புரொப்பெல்லரின் வேகத்துக்கு ஒன்று, எஞ்சினின் சக்திக்குத் திராட்டில் ஒன்று என நெம்புகோல்கள் மூன்று வகை. சக்தியைக் கூட்டும்போது திராட்டில் கடைசியிலும், குறைக்கும்போது முதலிலும் நகரவேண்டும். புரொப்பெல்லரை மெல்லச் சுழலவிட்டுக்கொண்டு திராட்டிலை மட்டும் முழுக்கத் தள்ளினால், சிலிண்டருக்குள் சீராகப் பரவி எரியவேண்டிய கலவை ஒரே கணத்தில் வெடித்துவிடும். புஸ்வாணம் பொழிவதற்கும் வெடி வெடிப்பதற்கும் உள்ள பேதத்தைப் பட்டாசுத் தொழிலில் ஊறிய நாரணாபுரத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பொழியவேண்டிய மருந்து வெடித்துவிட்டால் பிஸ்டன் தாங்காது. நுணுக்கமாக அமைக்கப்பட்ட சிமுலேட்டர்கள் இந்தப் பிழைக்கு உரிய தண்டனையைத் தவறாமல் கொடுத்துவிடுகின்றன. அதுவே அவற்றின் பெருமை என்பது என் அபிப்பிராயம்.

மதுரை விமான நிலையத்திலிருந்து கிளம்பித் தென்மேற்கே திரும்பினால், விருதுநகரைக் கடந்து கால் மணி நேரத்துக்குள் சிவகாசி வந்துவிடும். வலப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை உடன்வரும். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பூமியை வரையும் சிமுலேட்டர்களில், பட்டாசு ஆலைகளின் சிற்றறைகள் விபத்துக்கு அஞ்சி ஒன்றையொன்று விலகி, கரிசல் வெளியில் சிதறிக் கிடக்கும் காட்சியையும் காணலாம்.

இறங்குவதே கடினம். வாலடியில் சிறு சக்கரம் உள்ள விமானமாதலால், தரையைத் தொட்டபின் சற்றே அசட்டையாக இருந்தாலும் வாற்பகுதி மூக்கை முந்தப் பார்க்கும். தரையில் மூக்கு உயர்ந்து பாதையை மறைப்பதால், இடமும் வலமும் வளைந்து வளைந்தே ஊர்ந்து செல்லவேண்டும். ஆகவே, இலவசமாகவே கிடைக்கும் ஃப்ளைட்கியர் போன்ற சிமுலேட்டர் ஒன்றை நிறுவிக்கொண்டு, காற்றில்லாத வேளை ஒன்றைத் தேர்ந்து, பறக்க முயலுமுன் ஓடுபாதையில் ஊர்ந்து பழகுவதிலிருந்தே தொடங்குவது உத்தமம்.