உதார் விடவும் கணக்கு வேணும்!

பி.காம். படிச்சவனுக்கு எங்கே சார் மதிப்பு என்று அலுத்துக்கொள்ளும் என் இனத்தாருக்கு நான் காட்டும் ஆசாமி கிறிஸ் மனிமேக்கர். சத்தியமாக நிஜப் பெயர்! அமெரிக்காவின் டென்னஸியில் அக்கவுன்ட்டன்ட்டாக இருந்தவர். 2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் போட்டியில் 839 பேருக்கு நடுவே முதலாவதாக வந்து 25 லட்சம் டாலரை அள்ளினார்.

கடைசியில் மிஞ்சியது ரெண்டே பேர். எதிரே சாம் ஃபார்ஹா, பழம் தின்று கொட்டை போட்டவர். மேஜையில் ஐந்து பொதுச் சீட்டும் விழுந்தாச்சு. மனிமேக்கர் எதிர்பார்த்த இஸ்பேட் வரவில்லை. கையில் ஒரு ஜோடிகூடக் கிடையாது. ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி. மனுஷர் அசராமல் இருந்த சில்லு அத்தனையையும் நடுவே தள்ளினார். ஃபார்ஹா யோசித்தார்... யோசித்தார்... சீட்டைப் போட்டுவிட்டார்!

இதன் பின்னால் இருப்பது வெறும் வகுத்தல்தான். நடுவில் 1,000 சில்லு. நீங்கள் 500 கட்டி உதார் விட்டால், மூன்றில் ஒரு தடவை எதிராளி ஒதுங்கினாலே கையைக் கடிக்காது. 1,000 கட்டினால் இரண்டில் ஒரு தடவை ஒதுங்கணும்.

சின்ன ரெய்ஸும் இதே கதை. ஆட்டம் தொடங்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் 100, 200-ஐச் சுருட்ட 500 கட்டினால் எட்டில் ஐந்து தடவை பலிக்கணும். 900 என்றால் நாலில் மூன்று. பூச்சாண்டி காட்ட ஐந்நூறு போதுமென்றால் தொள்ளாயிரம் எதற்கு?

யாரிடம் காட்டுவது? பரிசு 100 பேருக்கு, பாக்கி 103 பேர் என்றால், நடுத்தரமாகச் சில்லு வைத்திருப்பவர் மாதச் சம்பளக்காரர் மாதிரி. இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்பார், ஒதுங்குவார். நாலு சில்லோடு இருப்பவரிடம் வேண்டாம். 'போனால் போகட்டும்' என்று பார்த்தே விடுவார்!

உடனே சம்பளக் கவரோடு கிளம்பிடாதீங்க. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 மத்தியச் சட்டம் தடை போட்டிருக்கிறது. தவிர, மூன்றில் ஒன்று பலிக்கும் என்றால் மற்ற ரெண்டு தடவை பணம் போகும் என்றும் அர்த்தம். சில்லு தீர்ந்தால் எழுந்து போகலாம். வாடகைப் பணம் தீர்ந்தால் வீட்டுக்காரரிடம் எந்த உதாரும் செல்லாது.

அந்தப் போட்டிக்குள் நுழைய மனிமேக்கர் கையிலிருந்து போட்டது நூறு டாலருக்கும் குறைவு. அவர் போட்ட கணக்கிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்!