ரோஜர்ஸ் துரையும் ஹப்புத்தளை மின்னலும்

பதுளை புனித மாற்கு தேவாலயம் ஒரு வேட்டைக்காரரின் நினைவாகக் கட்டப்பட்டது. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் இந்த ஊரின் உதவி அரசாங்க அதிபர். 1,300-க்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்பார்கள். அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் காட்டுக்குப் பயந்த மனிதர் இல்லை. 1845 ஜூன் 7 அன்று ஹப்புத்தளையில் மின்னல் அடித்து இறந்தார். இடிமழைக்கு ஒதுங்கியிருந்தவர், எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று விறாந்தைக்கு வந்த நேரத்தில் அது நடந்தது என்பது வழிவழியாக வரும் கதை.

யானைகளின் சாபம் என்று சொல்வோரும் உண்டு. சாபம் இருக்கட்டும். மழை விட்ட பின்னும் இடிமுகில் பக்கத்திலேயே நிற்கலாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது போகாமல் வெட்டவெளிக்கு வரக்கூடாது என்பது இன்றைய பாதுகாப்பு விதி. பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகலானால் வானம் இருட்டிக்கொண்டு வரும். அந்த மாதங்களிலும் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எல்ல பாறைக்கு ஏறத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே ஒதுங்குவதற்கு மரங்கள்தான். இடி நேரத்தில் மரத்தடி இன்னும் மோசம்.

அலாஸ்காவுக்குப் போகிறவர் கரடிக்கும் பனிக்கும் ஆயத்தமாகப் போகிறார். இந்த ஊவா மலைகளுக்கு வருகிறவர் ரப்பர் செருப்போடு வருகிறார். கூப்பிடு தூரத்தில் தோட்டத் தொழிலாளர் லயம் இருக்கிறது, தேநீர்க் கடை இருக்கிறது என்ற தைரியம். நமுனுகுலை மலையே 2,036 மீற்றர்தானே என்று நினைப்பார்கள். ஆனால் இந்த மலைகளில் ஆளைக் கொல்வது உயரம் மட்டுமல்ல. தேயிலைக்குள் குளவி கலைந்தால் தலையை மூடிக்கொண்டு ஓட வேண்டும். கையை வீசினால் கூட்டமாக வரும். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இது தெரியும். குளவி கொட்டி அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும், சிலர் திரும்பாமலே போவதும் மலையகப் பத்திரிகைகளில் ஓயாமல் வரும் செய்தி. பயணிக்கு அது ஒருநாள் ஆபத்து, அவர்களுக்கு அன்றாட வேலை.

கொஸ்லந்தைக்கு அருகே தியலும நீர்வீழ்ச்சி, 220 மீற்றர். கீழே நின்று பார்த்துவிட்டுப் போனால் ஒன்றுமில்லை. இப்போது எல்லாரும் உச்சியிலுள்ள தடாகங்களுக்கு ஏறுகிறார்கள், விளிம்பில் படம் எடுக்கிறார்கள், கூடாரம் போட்டு இரவு தங்குகிறார்கள். வழுக்கி விழுந்து இறந்தவர்கள் பலர். பாசி ஒரு காரணம். மற்றது, இந்தத் தண்ணீர் பூனாகலை ஓயாவிலிருந்து வருகிறது. தடாகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்; மேலே பூனாகலைப் பக்கம் கொட்டிய மழை கொஞ்ச நேரத்தில் வந்து சேரும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், உடுப்பைக்கூடத் தேடாமல் கரையேற வேண்டும்.

பாதையைச் சொல்லாமல் விட முடியாது. 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். ரயில் வாசலில் தொங்கிப் படம் எடுப்பதைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

அதே கொஸ்லந்தைக்குப் பக்கத்தில்தான் மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்க வேறு காணி இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவு உயிர்களைக் கொண்டுபோனது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் தயார்நிலை, 150 ஆனால் வெளியேற்றம் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. பயணிக்கு முதல் எண்ணே போதும். அறையை இன்னொரு நாளைக்கு நீட்டித்துக்கொள்ளலாம்.

இன்று தோட்டத்துப் பையன்கள் பலர் வழிகாட்டிகளாகப் போகிறார்கள். எந்த ஓடை எப்போது பெருகும், எந்தச் சரிவில் மண் இளகியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் "இன்றைக்கு வேண்டாம் சேர்" என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்று தயங்குவார்கள். ஆகவே புறப்படும் முன்னரே பேசிவிடுங்கள்: பாதி வழியில் திரும்பினாலும், புறப்படாமலே விட்டாலும் முழுக் கூலி.