கடலுக்கடியில் ஒரு சாயப்பட்டறை!

தாராபுரத்துக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம்னு சிரிக்காதீங்க பாஸ். நம்ம நாட்டுலயும் ஒண்ணு உயிரோட இருக்கு. அந்தமான் கடல்ல, ஆளே இல்லாத பாரன் தீவு! ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல தூங்கிட்டு 1991-ல் கண் முழிச்சது. 2025 செப்டம்பர்லகூட பொங்குச்சு.

அங்கே இந்தியத் தட்டு, பர்மா தட்டுக்கு அடியில சொருகிக்கிட்டே போகுது. ஈரத்தோட இறங்குற கடலடிப் பாறை, ஆழத்துல சூடாகி தண்ணியைக் கக்கும். அந்தத் தண்ணி, மேலே இருக்கிற மேன்டில் பாறையோட உருகுநிலையைக் குறைச்சிடும். மாக்மா ரெடி!

அவ்வளவு ஆழத்துல யார் போய்ப் பார்த்தாங்க? இங்கேதான் நம்ம திருப்பூர் பனியன் உதவிக்கு வருது. துவைச்சா சில சாயம் தண்ணியோட ஓடிடும், சிலது கெட்டியா ஒட்டிக்கும் இல்லையா? பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் ஓடுற சாயம். நியோபியம் லேசுல அசையாத கெட்டிச் சாயம். அதனாலதான் இந்த மாதிரி தீவு எரிமலைப் பாறையில பேரியம் தூக்கலா, நியோபியம் கம்மியா இருக்கும். ஒரு பிடி பாறைத்தூளை லேப்ல சோதிச்சா, கீழே நடக்கிற கதை வெளியே வந்துடும்.

வெறும் கெமிஸ்ட்ரி பாடம்னு தள்ளிடாதீங்க. 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினத்தைச் சுருட்டிட்டுப் போன சுனாமிக்குக் காரணம் இதே சொருகல்தான். அடுத்த அஞ்சே மாசத்துல பாரனும் வெடிச்சது. அந்தப் பூகம்பம்தான் எழுப்பி விட்டுச்சான்னு கேட்டா, விஞ்ஞானிகளுக்குள்ளேயே விவாதம். 2007-ல் ஹைதராபாத்தில் தொடங்கின சுனாமி எச்சரிக்கை மையம், அந்தச் சொருகல் கோட்டு மேலதான் கண்ணு வெச்சிருக்கு.