அளவோடு ஒரு மூச்சு

சும்மா உட்கார்ந்திருக்கையில் நாம் ஒரு தடவை இழுக்கும் மூச்சு எவ்வளவு? ஏறக்குறைய அரை லிட்டர் காற்று. இதை யாரும் அளந்து இழுப்பதில்லை. ஆனால் தானாக மூச்சுவிட இயலாமல் கிடக்கும் ஒருவருக்குப் பிறர்தாம் அதை அளந்து கொடுக்க வேண்டும். அந்த அளவு என்ன என்று தெளிய வைத்திய உலகத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

1952-ஆம் வருஷம் டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. அங்கே ப்ளெக்டாம் ஆஸ்பத்திரியில் முதல் சில வாரங்களில் மூச்சு ஒடுங்கிய 31 பேரில் 27 பேர் மாண்டார்கள். பியோர்ன் இப்ஸென் என்ற மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தச் செய்தார். சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பை அமுக்கினார்கள். சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் சொல்வதன் ஆரம்பம் இதுதான். மாணவர்களின் கை செய்த வேலையைப் பின்னர் யந்திரம் ஏற்றுக்கொண்டது.

யந்திரத்துக்குக் கை வலிப்பதில்லை. எவ்வளவு சொன்னாலும் தள்ளும். நிமோனியா, விபத்து முதலியவற்றால் நுரையீரல் முழுதும் வீங்கி நீர் கோத்துக்கொள்ளும் கொடிய நிலை ஒன்று உண்டு. அந்நோயாளிகளுக்கு ஒரு மூச்சுக்கு, உடல் எடையில் கிலோவுக்குப் பத்து முதல் பதினைந்து மில்லிலிட்டர் வரை கொடுத்து வந்தார்கள். நாம் இயல்பாக இழுப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! இரத்தத்தில் பிராணவாயுவும் கரியமில வாயுவும் சரியான அளவில் நிற்க வேண்டுமே என்ற நல்ல எண்ணந்தான் காரணம். ஆனால் இத்தாலிய டாக்டர் கத்தினோனி படமெடுத்துப் பார்த்தபோது, அத்தகைய நுரையீரலில் காற்றுப் புகும் பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவே எஞ்சியிருக்கக் கண்டார். குழந்தையின் நுரையீரலுக்குள் பெரியவர் மூச்சை அடைத்தால் அது என்ன பாடுபடும்?

ஐயம் பிறந்ததே ஒழியத் தீரவில்லை. எனவே 1996-இல் அமெரிக்காவில் பத்து மருத்துவ நிலையங்கள் சேர்ந்து ஒரு பெரிய பரீட்சையை ஆரம்பித்தன. யாருக்குக் கிலோவுக்குப் பன்னிரண்டு மில்லிலிட்டர், யாருக்கு ஆறு என்பதைக் குலுக்கல்போல் நிர்ணயித்தார்கள். நோயாளியோ நினைவற்றுக் கிடக்கிறார். ஆகையால் பெரும்பாலும் வெளியே கண் துஞ்சாமல் காத்திருக்கும் மனைவியிடமோ மகனிடமோதான் சம்மதம் கேட்க வேண்டும். உயிரோடு சூதாடுவதா என்று கேட்கத் தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், எந்த டாக்டரின் ஊகத்துக்கு ஆளாவது என்ற குலுக்கல் அதற்கு முன்பே ஒவ்வொரு நோயாளிக்கும் நடந்துகொண்டுதான் இருந்தது. யாரும் கணக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் சில நாட்களில் பெரிய மூச்சுப் பெற்றவர்களின் இரத்தத்திலேதான் பிராணவாயு நன்றாக இருந்தது. படுக்கையருகே நின்று பார்த்தவர்கள் அதையே சிறந்த சிகிச்சை என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் 861 பேர் சேர்ந்ததும் 1999-இல் பரீட்சையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். பெரிய மூச்சுப் பெற்றவர்களில் நூற்றுக்கு 39.8 பேரும், சிறிய மூச்சுப் பெற்றவர்களில் 31 பேரும் இறந்திருந்தார்கள். இந்த முடிவு 2000-ஆம் வருஷம் பிரசுரமாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எடை என்றால் தராசு காட்டும் எடையல்ல. உயரத்தைக் கொண்டு கணக்கிடும் எடை. தொந்தி பெருத்ததால் நுரையீரல் பெருப்பதில்லை அல்லவா? ஐந்தரை அடி உயரமுள்ள ஆண் யாராயினும் கணக்கில் சுமார் 64 கிலோ. அவருக்கு உரிய மூச்சு ஏறத்தாழ 380 மில்லிலிட்டர்.

2016-இல் ஐம்பது தேசங்களின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியாயிற்று. கிலோவுக்கு எட்டு மில்லிலிட்டரோ அதற்குக் குறைவாகவோ மூச்சுப் பெற்றவர்கள், இந்நிலையில் இருந்த நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பரீட்சையின் முடிவு வெளியாகிப் பதினாறு வருஷங்கள் ஆகியிருந்தன. படுத்திருப்பவரின் உயரத்தை அளக்கத் தேவையானதோ, தையற்காரரிடம் இருக்கும் அளவு நாடா ஒன்றுதான்.